மாற்று ஆசிரியருக்கு எந்த மின்னணுக் கருவி உதவும்?

அரூரிலோ பர்கூரிலோ உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் விடுப்பில் போனால், அவருடைய வகுப்புக்கு வேறொருவர் மூன்று வழிகளில் வந்து சேரலாம். ஒன்றிரண்டு நாள் தற்செயல் விடுப்பு என்றால், அந்தப் பாடவேளையில் ஓய்வாக இருக்கும் அதே பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தலைமையாசிரியர் அனுப்பிவைப்பார். அவர் தமிழாசிரியராகவும் இருக்கலாம், உடற்கல்வி ஆசிரியராகவும் இருக்கலாம். தொடக்கப் பள்ளியில் இருக்கும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் நீண்ட விடுப்பு எடுத்தால், பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப் பணியில் வருவார். காலிப் பணியிடம் நிரம்பும் வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியர் மூன்றாம் வகை. அரசுப் பள்ளி ஆசிரியைகளின் மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் ஓராண்டாக உயர்ந்திருப்பதால், ஒரு வகுப்பு கல்வியாண்டு முழுவதையும் மாற்று ஆசிரியரிடமே கழிக்கும் நிலையும் வரலாம்.

இந்த மூவரும் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றுதான். வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். மீதியில் நடந்தது என்ன என்பது திரும்பி வரும் ஆசிரியருக்குப் போய்ச் சேராது. ஆகவே மாற்று ஆசிரியருக்கான மின்னணுக் கருவியை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்க வேண்டும். விட்ட இடத்தை அது காட்டுகிறதா? முன்பின் அறியாத வகுப்பில், மாணவர் கையில் கருவி எதுவும் இல்லாமல், இணையம் வராவிட்டாலும் அது வேலை செய்கிறதா? நடந்ததைத் திருப்பி ஒப்படைக்க உதவுகிறதா? வகுப்பறைச் செயலிகளைப் பற்றிய அறிமுகங்களில் பெரும்பாலானவை, ஆண்டு முழுதும் ஒரே வகுப்பை வைத்திருக்கும் ஆசிரியரையும், ஆளுக்கொரு கைக்கணினி வைத்திருக்கும் மாணவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே நம்பிப் பாலக்கோட்டுப் பள்ளிக்குள் நுழைபவர், முதல் பத்து நிமிடத்தைக் கடவுச்சொல் தேடுவதிலேயே செலவழிப்பார்.

விட்ட இடம்

முதல் கேள்விக்கான விடை, விடுப்பில் போகும் ஆசிரியரின் கையில்தான் தொடங்குகிறது. பாடக்குறிப்பேடு எழுதப்பட்டிருந்தாலும் அது பெரும்பாலும் திட்டத்தைச் சொல்லுமே தவிர, அந்த வாரம் உண்மையில் எதுவரை நடந்தது என்பதைச் சொல்லாது. இதற்குச் செலவில்லாத எளிய ஏற்பாடு, கூகுள் டிரைவில் வகுப்புக்கு ஒரு கோப்புறை திறந்து, அதற்குள் ஒரே ஓர் ஆவணத்தை வைத்து, அதைத் தலைமையாசிரியருடனும் உடன் பணிபுரியும் இருவருடனும் பகிர்ந்துவைப்பது. வாரத்தின் கடைசிப் பாடவேளை முடிந்ததும் அதில் நான்கைந்து வரி எழுதினால் போதும். அந்த வரிகள் இப்படி இருக்கலாம்:

"10ஆ பிரிவு. மின்னோட்டவியல். ஓம் விதி முடிந்தது. தொடர் இணைப்பில் இரண்டு கணக்குகள் போட்டாயிற்று; பக்க இணைப்பு இன்னும் தொடங்கவில்லை. சிலருக்குப் பின்னக் கூட்டல் வராது, முதலில் அதைப் பார்க்கவும். ஸ்மார்ட் போர்டு ரிமோட் அலுவலக அலமாரியில் இருக்கிறது. வகுப்பு லீடரைக் கேட்டால் எடுத்து வருவார்."

இவற்றில் மாற்று ஆசிரியருக்கு மிகவும் பயன்படுவது கடைசி வரி என்பது என் எண்ணம். பாடத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். ரிமோட் எங்கே இருக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லாது. மாணவர்களின் பெயரையோ உடல்நலக் குறைகளையோ இத்தகைய பகிர்வு ஆவணத்தில் எழுதக் கூடாது. அவற்றைத் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொல்லிவிடுவதே முறை.

இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம்தான். ஆனால் ஆசிரியர் குழுவில் காலை வணக்கங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் இடையே அந்தச் செய்தி மாலைக்குள் புதைந்துவிடும்; மூன்று வாரம் கழித்துப் பணியில் சேரும் தற்காலிக ஆசிரியர் அந்தக் குழுவிலேயே இருந்திருக்க மாட்டார். கோப்புறையில் இருப்பது ஆள் மாறினாலும் அதே இடத்தில் இருக்கும். பகிரும்போது, படிக்க மட்டும் வேண்டியவருக்குப் பார்வையாளர் உரிமையும், தாமும் எழுத வேண்டிய மாற்று ஆசிரியருக்குத் திருத்தும் உரிமையும் கொடுக்க வேண்டும். இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம் என்ற அமைப்பைத் தவிர்ப்பது நல்லது.

2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமில், வகுப்பின் உரிமையாளரான ஆசிரியர் இன்னொருவரை இணை ஆசிரியராக அழைக்க முடியும். அழைக்கப்பட்டவர் பணிகளைக் கொடுக்கலாம், திருத்தலாம், ஆனால் வகுப்பையே அழிக்க முடியாது. மாணவர்கள் ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் தனியார் பள்ளிகளுக்கு இது பொருத்தமானது. மற்ற இடங்களில் கோப்புறையே போதும்.

தொடக்கப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய செய்தி வேறு வகையானது. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பிரிக்கப்பட்டு நிலைக்கேற்ற பயிற்சியைச் செய்கிறார்கள். மாற்றுப் பணியில் வருபவருக்கு எந்தக் குழந்தை எந்த நிலையில் என்பது தெரியாவிட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைக்கு மலர் நிலைப் பயிற்சி போய்விடும். 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு வழங்கிய கைக்கணினிகள் ஆசிரியர்களின் பொறுப்பில் இருப்பவை. விடுப்பில் போனவரின் கருவி கிடைக்கும் என்று நம்பி வர முடியாது. எனவே நிலைவாரிப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கமோ மேசை இழுப்பறையிலோ வைப்பதே பாதுகாப்பு. மின்னணுக் கருவிகளைப் பற்றிய கட்டுரையில் தாளைப் பரிந்துரைக்கிறேனே என்றால், அங்கே தாள்தான் வேகமானது.

பாடவேளைக்குள்

இரண்டாம் கேள்விக்கு நம் பாடநூலே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் படிப்படியாக வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட தீக்‌ஷா தளத்தின் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான காணொளிகளும் பயிற்சி வினாக்களும் வரும். கணக்குத் தொடங்காமல் விருந்தினராகவும் உள்ளே போகலாம் என்பதே மாற்று ஆசிரியருக்கு இதில் உள்ள பெரிய வசதி. கேமரா பழுதாக இருந்தாலோ அச்சு மங்கியிருந்தாலோ, கட்டத்தின் அடியில் உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்தாலும் அதே பக்கம் திறக்கும். பாடப்பொருளைச் செயலிக்குள்ளேயே பதிவிறக்கி வைத்து இணையமில்லாமல் ஓட்டவும் முடியும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும், 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்திலும் தமிழிலேயே பாட விளக்கங்கள் கிடைக்கின்றன.

ஆனால் காணொளியைப் போட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிடும் மாற்று ஆசிரியரை மாணவர்கள் இரண்டு நிமிடத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். தம் பாடம் அல்லாத வகுப்புக்கு அனுப்பப்பட்டவருக்கும் பொருத்தமான கருவி, விளக்கம் சொல்வதைவிடக் கேள்வி கேட்க இடம் கொடுப்பதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய ஃபெட் உருவகப் பரிசோதனைகள் அத்தகையவை. இலவசமானவை, பலவற்றைத் தனிக் கோப்பாக இறக்கி, பென் டிரைவில் எடுத்துச் சென்று எந்தக் கணினியின் பிரவுசரிலும் திறக்கலாம்.

மேலே பார்த்த பத்தாம் வகுப்புக்கே வருவோம். நேர்திசை மின்சுற்றுப் பரிசோதனையைத் திறந்து ஒரு மின்கலம், ஒரு விளக்கு, இரண்டு கம்பிகளை இழுத்து இணைத்தால் விளக்கு எரியும். அதே கம்பியின் வழியில் வரிசையாக இன்னொரு விளக்கைச் சேர்க்கப் போவதாகச் சொல்லி, சேர்ப்பதற்கு முன்பே, முதல் விளக்கின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, மாறாதா என்று கை தூக்கச் சொல்ல வேண்டும். பிறகு சேர்த்தால் இரண்டு விளக்கும் மங்கும். அடுத்து, இரண்டாவது விளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் முதல் விளக்கின் இரு முனைகளோடு இணைத்துப் பக்க இணைப்பாக்குவதற்கு முன் அதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும். இந்த முறை வெளிச்சம் குறைவதில்லை. வகுப்பில் பெரும்பாலோர் குறையும் என்றே கை தூக்கியிருப்பார்கள். ஏன் குறையவில்லை என்ற வாக்குவாதம் அங்கிருந்து தானாகத் தொடங்கும். வந்திருப்பவர் தமிழாசிரியர் என்றாலும் இந்த வாக்குவாதத்தை நடத்த முடியும், ஏனென்றால் விடையைத் திரை காட்டிவிடுகிறது. காரணத்தை உரிய ஆசிரியர் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிடுவதில் தவறில்லை.

அடுத்து, எத்தனை பேருக்குப் புரிந்திருக்கிறது என்று அறிய வேண்டும். கஹூட் போன்ற வினாடி வினாத் தளங்களுக்கு மாணவர் பக்கத்தில் கருவி வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் காலியாக இருந்தால் மட்டுமே அவற்றை நினைக்கலாம், அந்த ஆய்வகத்திலும் ஒரு கணினிக்கு இருவர், மூவராகத்தான் உட்கார வேண்டியிருக்கும். சாதாரண வகுப்பறைக்கு ஏற்றது பிளிக்கர்ஸ். இதில் மாணவருக்குக் கிடைப்பது ஓர் அட்டை மட்டுமே. அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம் இருக்கும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு, அதற்கொரு எண் உண்டு. நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்துகள் இருக்கும். தாம் நினைக்கும் விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பி மாணவர் உயர்த்திப் பிடிக்க, ஆசிரியர் தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மீது மெல்ல ஓட்டினால், எந்த எண் எந்த விடையைச் சொன்னது என்று செயலி படித்துக்கொள்ளும். எழுத்துகள் மிகச் சிறியவை என்பதால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து எழுதுவது கடினம்.

வழக்கமான அட்டைத் தொகுப்பில் 40 அட்டைகள் உள்ளன. பெரிய வகுப்புக்கு 63 அட்டைகள் கொண்ட தொகுப்பும் உண்டு. இரண்டையும் தளத்திலிருந்து இறக்கி, கெட்டித் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். பளபளப்பாக லேமினேட் செய்தால் சன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குக் கட்டம் தெரியாது. மாணவர் பெயர்ப் பட்டியல் மாற்று ஆசிரியரிடம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணையே அட்டை எண்ணாக வைத்துக்கொண்டால், எண்ணை மட்டும் குறித்துவைத்து உரியவரிடம் கொடுத்துவிடலாம்.

கருவி எதுவானாலும் கேள்வி கூர்மையாக இருந்தால்தான் பயன். 3 ஓம், 6 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடை எவ்வளவு என்று கேட்டு, 9, 4.5, 2, 0.5 என நான்கு விடைகள் கொடுக்கலாம். சரியான விடை 2 ஓம். 9 என்று காட்டியவர் தொடர் இணைப்பைப் போல நேரடியாகக் கூட்டியிருக்கிறார். 0.5 என்று காட்டியவர் மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் சரியாகக் கூட்டிவிட்டு, கடைசியில் தலைகீழாக்க மறந்திருக்கிறார். 4.5 சராசரி, அவருக்குச் சூத்திரமே மனத்தில் இல்லை. இப்படித் தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்லுமாறு அமைத்தால், ஒரே கேள்வி அடுத்த நாள் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லிவிடும். பத்து மேலோட்டமான கேள்விகளால் இது நடக்காது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் குழந்தைகள் தமிழ்வழி வகுப்பில் இருப்பது இயல்பு. ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய பள்ளிகளில் இந்தி பேசும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. உரிய ஆசிரியர் பழக்கத்தால் அவர்களோடு பேசிவிடுவார். புதிதாக வந்தவருக்கு அது முடியாது. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் குழந்தை சொல்வதைக் குரலாகப் பதிந்து தமிழில் பார்ப்பது, தண்ணீர் வேண்டுமா, வயிறு வலிக்கிறதா, கேள்வி புரியவில்லையா என்று அறியும் அளவுக்கு உதவும். பாடத்தின் கலைச்சொற்களை அதன் வழியாக மாற்றிச் சொல்லக் கூடாது. செயலி சொல்லும் சொல்லும் பாடநூல் சொல்லும் பல நேரங்களில் வெவ்வேறாக இருக்கும்.

சிக்னல், கேபிள், கடவுச்சொல்

சித்தேரி மலையிலும் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களிலும் இணையத்தை நம்பி வகுப்பைத் திட்டமிட முடியாது. சமவெளியிலும் மதிய நேரத்தில் காணொளி சுற்றிக்கொண்டே நிற்பதுண்டு. இதற்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. முதல் நாள் இரவு, மறுநாளைக்கு வேண்டிய எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொண்டு, கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அப்போது திறக்காதது மறுநாள் வகுப்பிலும் திறக்காது. அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். பிளிக்கர்ஸ் செயலியையும் இப்படிச் சோதித்துவிட்டே நம்ப வேண்டும். ஓடவில்லை என்றால் அதே நான்கு விடைகளுக்கு ஒரு விரல், இரண்டு விரல் என்று காட்டச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம்.

கருவிகளில் எவரும் பேசாத ஒன்று, கைப்பேசியையோ கணினியையோ பெரிய திரையோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள். பள்ளியின் கேபிள் எப்போதும் வேறொரு வகுப்பில் இருக்கும். மாற்றுப் பணிக்கு அடிக்கடி போகிறவர், தம் கைப்பேசிக்கோ மடிக்கணினிக்கோ பொருந்தும் இணைப்பியோடு சேர்த்து ஒரு கேபிளையும், ஒரு பென் டிரைவையும் பையில் வைத்துக்கொள்வது எந்தக் கட்டணச் செயலியையும்விடப் பயன் தரும்.

கணக்குகளைப் பொறுத்தவரை விதி ஒன்றே: ஒருவருடைய கணக்கில் இன்னொருவர் நுழையக் கூடாது. பள்ளிக் கல்வித் துறை மாணவர், ஆசிரியர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தின் பணிகள் அவரவர் பயனர் எண்ணோடு கட்டப்பட்டவை. விடுப்பில் இருப்பவரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி வருகைப் பதிவு போடுவது, நல்ல நோக்கத்தில் செய்தாலும், பிறகு கேள்வி வந்தால் இருவருக்கும் சிக்கல். அதைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் செய்ய வேண்டும். ஸ்மார்ட் போர்டின் பிரவுசரில் தம் சொந்த ஜிமெயில் கணக்கைத் திறந்தால், பாடவேளை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும். முதலிலேயே மறைநிலைச் சாளரத்தில் திறந்தால், அந்தச் சாளரத்தை மூடும்போதே கணக்கும் வெளியேறிவிடும். வகுப்பில் குழந்தைகளைப் படமெடுத்து நிலைத்தகவலில் போடும் பழக்கம் மாற்று ஆசிரியருக்கு அறவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தைகள் என்றே கணக்கில் கொள்கிறது. பெற்றோர் ஒப்புதல் பெரிதாகப் பேசப்படும் காலம் இது.

திருப்பி ஒப்படைத்தல்

பாடவேளை முடிந்ததும் மூன்று செயல்கள். கரும்பலகையை மாணவர் எவரும் படத்தில் விழாதபடி ஒரு படம் எடுத்துக் கோப்புறையில் போடலாம். வகுப்புக்குக் கேட்ட கேள்வியையும், எந்தெந்த எண்கள் எந்த விடையைக் காட்டின என்பதையும் சேர்க்கலாம். ஆவணத்தின் அடியில் தேதியிட்டு நான்கு வரி எழுதலாம். தட்டச்சு சிரமம் என்றால் கைப்பேசி விசைப்பலகையின் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தித் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும், பெயர்ச்சொற்களையும் எண்களையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். "பக்க இணைப்புப் பாடம் நடத்தவில்லை, விளக்குப் பரிசோதனை மட்டும் காட்டினேன்" என்று நடத்தாததையும் எழுதிவைப்பது முக்கியம். இல்லாவிட்டால் திரும்பி வருபவர் பாடம் முடிந்துவிட்டதாக எண்ணித் தாண்டிப் போய்விடுவார்.

தற்காலிக ஆசிரியர் மாதக்கணக்கில் இருக்கும் வகுப்புகளில் இன்னொன்றையும் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். அவர் தம் சொந்தக் கணக்கில் கோப்புறையையும் வினாக்களையும் உருவாக்கினால், அவற்றின் உரிமை அவரிடமே இருக்கும். கல்வியாண்டு முடிந்து அவர் வேறு வேலைக்குப் போய் அந்தக் கணக்கை அழித்துவிட்டால், ஓராண்டின் குறிப்புகள் முழுவதும் போய்விடும். எனவே கோப்புறையைப் பள்ளியின் மின்னஞ்சல் கணக்கில் தலைமையாசிரியர் தொடங்கி, தற்காலிக ஆசிரியருக்குத் திருத்தும் உரிமை கொடுப்பதே சரியான வரிசை. ஏற்கெனவே அவருடைய கணக்கில் தொடங்கியிருந்தால், பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பே கோப்புகளைப் படியெடுத்துப் பள்ளிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். உரிமையையே மாற்றுவதானால், பெறுபவர் அந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவேறும் என்பதால், இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்து முடிப்பது எளிது.